22 கஜமும் 12 வயதும்

சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளை விட்டு உள்ளே திரும்பினால், விடுமுறைக் காலையில் கிரிக்கெட் நடக்காத சந்து அபூர்வம். சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுகள்தான் ஸ்டம்பு. எதிர்ச்சுவரில் பட்டால் ஃபோர். மாடிக்குப் போனால் அவுட். ஒன் பிட்ச் ஆன பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் விதிகள் கொஞ்சம் மாறும், ஆட்டம் இதேதான். இந்தச் சந்துகளில் வளர்ந்த பிள்ளைகளின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாடிக்குத் தூக்கினால் அவுட் என்பதால் பந்தைத் தரையோடு அடிக்கப் பழகியவர்கள். நாலைந்து மீட்டர் தூரத்தில் நின்றே கேட்ச் பிடித்துப் பழகியதால் அவர்களுடைய கை பந்துக்கு முந்திக்கொள்ளும்.

அப்படி ஒரு பையன் 12 வயதில், லெதர் பந்தோடு, மஞ்சக்குப்பம் மைதானத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ அண்ணாமலை நகரின் பல்கலைக்கழக மைதானத்திலோ முதல்முறையாக இறங்குகிறான். வீசிய பந்து பாதி வழியிலேயே குத்துகிறது. எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தால் மூன்று முறை குத்தி, பிறகு உருண்டு வருகிறது. உயரமாக எழும்பிய கேட்சுக்கு முன்னால் ஓடி வருகிறான். பந்து தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழுகிறது. “என்னடா, காலையில சாப்பிடலையா? கையில தெம்பே இல்லையே!” என்று ஓரத்திலிருந்து அப்பாவின் குரல் வருகிறது.

அவன் நேற்றுவரை சந்தில் ஆடிய அதே பையன்தான். அவனைச் சுற்றியிருந்த அளவுகள் மாறிவிட்டன. கண்ணும் கையும் காலும் ஒரு சின்ன உலகத்தின் கணக்கைத் துல்லியமாகக் கற்றுவைத்திருந்தன; இப்போது அந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் வேண்டும், படிகள் வேண்டும். அந்தப் படிகளைப் பெரியவர்கள்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் இடம். தெருமுனைத் திடலில் எல்லைக்கோடு 40 மீட்டரில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மைதானத்தில் அது 65 மீட்டர். தூரம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் பரப்பு தூரத்தின் வர்க்கத்தில் பெருகும்: 2.6 மடங்குக்கு மேல். அதே 11 பேர் அந்த இடம் முழுவதையும் காக்க வேண்டும். ஆகவே, சந்தில் இரண்டு எட்டில் போய் எடுத்த பந்துக்கு இங்கே இருபது எட்டு ஓட வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஆடுகளம். இங்கேதான் இயற்பியல் மிகத் தெளிவாகப் பேசுகிறது. 22 கஜம் என்பது 20.12 மீட்டர். 12 வயதுப் பையனின் கையிலிருந்து பந்து தரைக்கு மேல் 1.7 மீட்டர் உயரத்தில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், தரைக்கு இணையாகப் புறப்படுகிறது என்று கொள்வோம். 1.7 மீட்டர் விழுவதற்கு 0.59 நொடி ஆகும். அந்த நேரத்தில் பந்து முன்னால் போகும் தூரம் 9.8 மீட்டர். வீசும் இடத்திலிருந்து எதிர் ஸ்டம்பு ஏறக்குறைய 19 மீட்டரில் இருப்பதால், பந்து ஸ்டம்புக்கு 9 மீட்டர் முன்பே குத்திவிடும். அடிப்பவருக்கு இது வரம். இன்னும் நீளமாகப் போட வேண்டும் என்றால் அவன் பந்தை மேல்நோக்கித் தூக்கி வீசியாக வேண்டும்.

வளர்ந்த வேகப்பந்து வீச்சாளருக்கு நிலைமை நேர்மாறு. அவர் 2.2 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் தரைக்கு இணையாக விட்டால் பந்து 24 மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும். அதாவது ஸ்டம்பையே தாண்டிவிடும். அதனால் அவர் பந்தைக் கீழ்நோக்கி அழுத்தி விடுகிறார். பயிற்சியாளர் “பந்தைத் தரையில் அடி, அழுத்து” என்கிறார். பையனின் உடலோ அதே 22 கஜத்தில் “தூக்கு” என்கிறது. பயிற்சியாளர் சொல்வதை அந்தத் தூரத்தில் செய்யவே முடியாது. தூக்கித் தூக்கி வீசிப் பழகும் பிள்ளை இடுப்பைப் பக்கவாட்டில் வளைக்கிறது, தோளைச் சாய்க்கிறது. தவறான வீச்சுமுறை அப்படித்தான் உடலில் ஏறிக்கொள்கிறது.

இப்போது ஆடுகளத்தை 16 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். அதே பையன், அதே வேகம், அதே வீச்சு. பந்து ஸ்டம்புக்கு 5 மீட்டர் முன்னால் குத்தும். அடிப்பவர் முன்னால் வருவதா, பின்னால் போவதா என்று யோசிக்க வைக்கும் பந்து அது. ஒரு டேப்பும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்து, திட்டிச் சாதிக்க முடியாததைச் சாதித்துவிட்டன.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்வுட், யேடன், கிங் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத்தான் சிறுவர்களை வைத்து அளந்து பார்த்தார்கள். ஆடுகளத்தைச் சுருக்கியபோது பிள்ளைகள் பந்தை இன்னும் கீழ்நோக்கி விட்டார்கள். அடிப்பவர்களின் முடிவெடுக்கும் திறனும் மேம்பட்டது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் சிறுவர் ஆட்டங்களைப் படிநிலைகளாகப் பிரித்து, முதல் நிலைக்கு 16 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 18 மீட்டர், அதன்பிறகே முழு நீளம் என்று வகுத்திருக்கிறது. நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் 10 வயதுப் பிள்ளையையும் 22 கஜத்தில் நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. “பெரிய பிட்ச்சிலேயே பழகட்டும், அப்பத்தான் தேறுவான்” என்பதை நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

இந்தச் சிக்கலை அமெரிக்காவின் பேஸ்பால் நம்மைவிட முன்பே சந்தித்திருக்கிறது. 1939 இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் தொடங்கிய லிட்டில் லீக், குழந்தைகளுக்கென்றே சிறிய மைதானத்தை அமைத்தது. பெரியவர்கள் ஆட்டத்தில், ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. குழந்தைகளுக்கு 60 அடி. பந்து வீசும் தூரம் பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். குழந்தைகளுக்கு 46 அடி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 13 வயது ஆனதும் பிள்ளை ஒரே தாவலில் பெரிய மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. நேற்றுவரை முதல் பேஸுக்கு எளிதாக எட்டிய எறி இன்று பாதியில் இறங்கியது. நேற்று ஓடிச் சேர்ந்த இடத்துக்கு இன்று இன்னும் 30 அடி பாக்கி. அதனால் 2013 இல் லிட்டில் லீக் இடையில் ஒரு படியைச் சேர்த்தது: 70 அடி பேஸ், 50 அடி வீச்சு. சின்னதும் இல்லை, பெரிதும் இல்லை. ஓரிரு ஆண்டு தங்கிப்போக ஓர் இடம். தமிழ்நாட்டில் சந்துக்கும் மைதானத்துக்கும் நடுவே இல்லாமல் இருப்பது அந்தப் படிதான்.

மைதானத்தின் அளவோடு பந்தும் மாறுகிறது. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவில். ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். குறுக்களவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, எடையில் ஏறக்குறைய மூன்று மடங்கு. காற்றின் தடை பந்தின் பரப்பைப் பொறுத்தது. அந்தத் தடைக்கு ஈடுகொடுப்பது எடை. ஆகவே ஒரே வேகத்தில் பறக்கும்போது டென்னிஸ் பந்து ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக வேகம் இழக்கிறது. உயரப் போன டென்னிஸ் பந்து வானில் தயங்கி, கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே இறங்கும். லெதர் பந்து அந்தத் தயக்கம் இல்லாமல் தொடர்ந்து போகும். முன்னால் ஓடிவந்து ஏமாந்த நம் பையனின் கண் பொய் சொல்லவில்லை. டென்னிஸ் பந்து அங்கேதான் விழுந்திருக்கும்.

உயரக் கேட்ச் பிடிப்பதில் மனித மூளை செய்யும் வேலை வியப்பானது. நான்கு நொடி வானில் இருக்கும் பந்து ஏறக்குறைய 20 மீட்டர் உயரம் எழும்பும். சிதம்பரம் கோயிலின் ராஜகோபுரத்தில் ஏறக்குறைய பாதி. சந்தில் எந்தப் பந்தும் இரண்டு நொடிக்கு மேல் வானில் நிற்பதில்லை. அதன் உயரம் 5 மீட்டர்தான். அவ்வளவு உயரமான பந்து எங்கே விழும் என்று ஒருவர் நின்ற இடத்திலிருந்தே எப்படிக் கணிக்கிறார்?

1968 இல் செவில் சாப்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஓர் அழகான விடையைச் சொன்னார். உங்களுக்கு முன்னால் உயரமான கம்பம் ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பார்க்கும் உங்கள் பார்வைக்கோடு அந்தக் கம்பத்தில் எங்கே படுகிறதோ, அந்தப் புள்ளி மேலே ஏறிக்கொண்டே போகும். பந்து மேலே போகும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் ஏறும், ஏனென்றால் அது உங்களை நெருங்குகிறது. அந்தப் புள்ளி சீரான வேகத்தில் ஏறினால், பந்து நேராக உங்களிடம் வருகிறது, அசைய வேண்டாம். ஏறும் வேகம் கூடிக்கொண்டே போனால் பந்து உங்களைத் தாண்டப் போகிறது; பின்னால் போங்கள். ஏற்றம் மெல்ல மெல்லத் தளர்ந்தால் முன்னால் விழப் போகிறது, ஓடி வாருங்கள். சாப்மனின் கணக்கில் காற்றுத் தடை இல்லை. ஆனால் 1993 இல் பீட்டர் மெக்லியோட், சொல்டான் டியனெஸ் இருவரும் நிஜமான பந்துகளை எய்து, பிடிப்பவர்களைப் படம் எடுத்து, நேச்சர் இதழில் எழுதினார்கள்: தேர்ந்தவர்கள் விழும் இடத்தை முதலிலேயே கணித்து அங்கே போய் நிற்பதில்லை, அந்த ஏற்றம் சீராக இருக்கும்படி தங்கள் ஓட்டத்தின் வேகத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே போகிறார்கள். பந்தும் அவர்களும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேருகிறார்கள்.

இதில் பயிற்சிக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளையிடம் பந்தைப் பிடிக்கவே சொல்லாதீர்கள். உயரமாகத் தூக்கிப் போட்டு, “கையை நீட்டாதே, அது விழுற இடத்துல போய் நில்லு” என்று மட்டும் சொல்லுங்கள். பந்து காலருகே விழட்டும். பிடிக்க வேண்டுமே என்ற பயமும், கைவலியும், தவறவிட்ட வெட்கமும் இல்லாமல், கண்ணும் காலும் அந்த ஏற்றத்தைக் கற்றுக்கொள்ளும். அடித்தவுடன் முன்னால் பாயாமல் ஒரு கணம் பார்க்கவும் சொல்ல வேண்டும். முன்னால் வந்துவிட்டவரால் பின்னால் போக முடிவதில்லை. பின்னால் போனவர் முன்னால் வந்துவிடலாம்.

பெரிய மைதானத்தில் ஒலியும் பிந்துகிறது. சந்தில் மட்டையில் பந்து படும் காட்சியும் சத்தமும் ஒன்றாக வரும். 60 மீட்டரில் நிற்பவருக்குச் சத்தம் ஏறக்குறைய 0.18 நொடி கழித்துத்தான் கேட்கும். அதற்குள் நன்றாக ஓடுபவர் ஒரு மீட்டர் ஓடியிருப்பார். ஆனாலும் அந்தச் சத்தம் வீணில்லை. மட்டையின் நடுவில் பட்டதா, விளிம்பில் பட்டதா என்பதைப் பார்வையைவிடக் காது நன்றாகச் சொல்லும் என்று, யேல் பல்கலைக்கழக இயற்பியலாளரும் பேஸ்பாலின் இயற்பியலைப் பற்றித் தனி நூலே எழுதியவருமான ராபர்ட் அடேர் விளக்கியிருக்கிறார்.

கடலூருக்கே உரிய இன்னொன்று கடற்காற்று. வெயில் ஏறியதும் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகி, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கிழக்கிலிருந்து காற்று உள்ளே வருகிறது. சிதம்பரத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். பிற்பகல் ஆட்டத்தில் கிழக்கே தூக்கி அடித்த பந்தை அது தடுத்து நிறுத்தும். மேற்கே அடித்ததைச் சுமந்து போகும். காலையில் மட்டும் பயிற்சி செய்த பிள்ளைக்குப் பிற்பகல் கேட்சுகள் தப்புவதற்கு இது போதும். கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொடுக்கலாம்.

இனி, எறி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சந்தில் 15 மீட்டர் எறிய மணிக்கட்டும் முன்னங்கையும் போதும். 60 மீட்டர் எறிய வேண்டுமானால், காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், பந்து மணிக்கு 87 கி.மீ. வேகத்தில் 45 பாகைச் சாய்வில் புறப்பட வேண்டும். 12 வயதுக் கைக்கு இது மிக அதிகம். அப்படியே எட்டினாலும் பந்து வந்து சேர மூன்றரை நொடி ஆகும். எட்டும் கையுள்ளவர்களுக்கும் தாழ்வான எறிதான் ஆதாயம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் 20 பாகையில் எறிந்தால் பந்து 41 மீட்டரில் ஒரு முறை குத்தும். குத்தும்போது மூன்றில் ஒரு பங்கு வேகம் போனாலும், மூன்று நொடிக்குள் கீப்பர் கையில் இருக்கும். ஒன் பிட்ச்சில் அனுப்பு என்று மூத்த வீரர்கள் சொல்வதன் காரணம் இது. 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிடவும் நல்ல வழி, நடுவில் ஒருவரை நிறுத்தி இரண்டு 30 மீட்டர் எறிகளாகப் பிரிப்பது. ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்குள், கைமாற்றக் கொஞ்ச நேரம். கையில் வலியும் இல்லை, குறியும் தப்பாது. இடையில் ஒருவர் நிற்பதைப் பலவீனம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும்படி நாம் விட்டுவிடக் கூடாது.

பந்தை எறியும் விசை தரையில் தொடங்குகிறது. கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, மார்பு பின்தொடர்ந்து, கடைசியாகத் தோளும் முழங்கையும் வருகின்றன. சின்ன இடத்தில் பழகிய பிள்ளை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை மட்டும் பயன்படுத்திப் பெரிய தூரத்தை எட்டப் பார்க்கிறது. அந்த வயதில் எலும்பு முனைகளுக்கு அருகே, இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் உண்டு. தசைநாண்கள் இழுப்பதைத் தாங்குவதில் அவையே உடலின் மென்மையான இடம். ஓயாத எறியால் முழங்கையின் உட்புறத்தில் அந்தத் தட்டு புண்படுவதை அமெரிக்க மருத்துவர்கள் லிட்டில் லீக் முழங்கை என்றே அழைக்கிறார்கள். அதனால்தான் லிட்டில் லீக்கில் 11, 12 வயதினருக்கு ஒரு நாளில் 85 வீச்சுக்கு மேல் அனுமதி இல்லை. 66ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு கட்டாயம். நம் பிள்ளைகளுக்கும் எறிகளை எண்ணுங்கள். முழங்கையோ தோளோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. தைலம் தேய்த்துத் தொடர வைக்கும் வேலை வேண்டாம்.

பந்து மாறும்போது உடல் எவ்வளவு மாற வேண்டியிருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நன்கறிந்த சான்று உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்கு முதல் ஆட்டம் ஆடியபோது அவருடைய வீச்சுமுறையின் மீது சந்தேகம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்தி, 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திரும்பி வந்தார். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். வளர்ந்த, உறுதியான இளைஞருக்கே அந்த மாற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 12 வயதுப் பிள்ளையிடம் ஒரு கோடை முகாமில் அதை எதிர்பார்க்கிறோம்.

சிறுவருக்கென்றே எடை குறைந்த பந்து இருக்கிறது: கிரிக்கெட் சட்டங்களே 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் என்று வகுத்திருக்கின்றன. பெண்கள் ஆட்டத்துக்கு 140 முதல் 151 கிராம், எல்லைக்கோடும் 55 முதல் 64 மீட்டருக்குள். உலகக் கோப்பை ஆடும் பெண்களுக்கே உடலுக்கேற்ற பந்தும் மைதானமும் வைத்திருக்கும்போது, சிதம்பரத்து ஏழாம் வகுப்பு மாணவி கையில் 160 கிராம் பந்தைத் திணிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இடத்துக்கும் இங்கே பஞ்சம் இல்லை. சம்பா அறுவடை முடிந்ததும் சிதம்பரத்தைச் சுற்றி, உளுந்து விதைக்காத வயல்கள் சில வாரம் திறந்து கிடக்கும். தரை கெட்டியாகும் வரை அங்கே உயரக் கேட்சும் ஓட்டமும் பழகலாம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விழுந்து பிடிக்கப் பழகுவது சுகமானது. ஆனால் மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. காய்ந்த மணலில் பந்து குத்தி எழாது என்பதால் ஒன் பிட்ச் எறியை அங்கே கற்க முடியாது. அதற்கு மைதானம்தான் வேண்டும், அதில் வண்ணக் கூம்புகளால் முதலில் 35 மீட்டரில் ஓர் எல்லை, எறி நேராக வரத் தொடங்கியதும் 45, பிறகு 55. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் படித்த ஆசிரியர்கள் இந்த வட்டாரப் பள்ளிகளில் பலர் இருக்கிறார்கள். உடலின் நெம்புகோல் கணக்கெல்லாம் அவர்கள் பாடத்தில் படித்ததுதான்.

தேர்வு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு முதிர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். ஒருவனுக்கு உயரம் ஏறித் தோள் விரிந்துவிட்டது. மற்றவனுக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. கை கால் நீளும் வேகத்துக்குத் தசையின் வலு சில மாதம் பின்தங்கித்தான் வரும் என்பதால், வேகமாக வளர்பவனும் சில காலம் தடுமாறுவான். சின்ன இடத்தில் இந்த வேறுபாடுகள் அவ்வளவாகத் தெரியாது. முழு மைதானத்தில் எறியின் தூரத்தையும் சிக்ஸரின் தூரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், முந்தி வளர்ந்தவனையே தேர்ந்தெடுப்போம். பிந்தி வளர்பவன் மட்டையை வீட்டில் வைத்துவிடுவான். ஆகவே தேர்வாளர்கள் அந்த நாளில் டேப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வேறு சிலவற்றைக் குறித்துக்கொள்ளலாம்: பந்து மட்டையில் பட்டதும் முதல் அடியை எந்தப் பக்கம் வைக்கிறான், இடையில் நிற்பவரைத் தேடிப் பார்க்கிறானா, 16 மீட்டரில் பத்துப் பந்து போட்டால் எத்தனை நினைத்த இடத்தில் குத்துகின்றன, உயரக் கேட்சுக்குக் கீழே கால்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்கின்றனவா. அந்தக் குறிப்புகளோடு பிள்ளையின் உயரத்தையும் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு அவனை மறுபடியும் கூப்பிட வேண்டும்.